வில்லடியில் வரலாறு

லண்டன் பங்க் ராக் குழுவான 'தி கிளாஷ்', 1979இல் வெளியிட்ட 'லண்டன் காலிங்' இசைத்தட்டில் ஸ்பெயின் உள்நாட்டுப் போரைப் பாடியது. கவிஞர் லோர்காவின் பெயரும் அதில் வரும். நாற்பதாண்டுப் பழைய போரை மூன்று நிமிடப் பாட்டுக்குள் கொண்டுவந்ததை இன்றும் வியந்து பேசுகிறார்கள். நம் வில்லுப்பாட்டுப் புலவருக்கோ கோயில் கொடைக்குக் கொடை இதுதான் வேலை.

காப்பு, குருவடி, அவையடக்கம் முடிந்து நாட்டுவளம் தொடங்கியதும் ஊர்க்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆறு, குளம், எல்லை எதையாவது புலவர் மாற்றிச் சொன்னால் கூட்டத்திலிருந்தே திருத்தம் வந்துவிடும். வேணாட்டரசர் உதயமார்த்தாண்டர் 16ஆம் நூற்றாண்டில் தங்கி ஆண்ட களக்காட்டில் கேட்பவர்களுக்கும் வரலாறு தெரியும், ஓரளவு.

இங்கிருந்து தெற்கே வள்ளியூர். ஐவர் ராசாக்கள் கதை அங்கே நடக்கிறது. பாண்டியன் குலசேகரன்மேல் ஆசைகொண்ட கன்னடியன் மகள், மறுப்பு, போர், சிறை, வைரம் விழுங்கிச் சாவு. ஆண்டுக்கணக்குக்கு இதை நம்ப முடியாது. ஆனால் வடக்கிலிருந்து வந்த படைகளை இந்தச் சீமை எப்படி நினைவு வைத்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை இதைப் பதிப்பித்தார்.

மேடை வழி வேறு. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் காந்தி மகான் கதையை வில்லில் பாடினார். அவருக்கு எழுதிக்கொடுத்த நம் மாவட்டத்துச் சுப்பு ஆறுமுகம் 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். நகைச்சுவையும் தெளிவும் கூடின. சாமியாட்டம் போயிற்று, உள்ளூர்ப் பெயர்களும் போயின. ஆறுமுகனார் மேல் எனக்கு மதிப்புண்டு. ஆனாலும் குடமும் உடுக்கையும் மட்டும் இருந்தால் அது கொடை வில்லாகிவிடாது.

தரத்தை அளக்க முத்துப்பட்டன் கதை ஒன்றே போதும். பிராமணன் முத்துப்பட்டன் செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் பெண்மக்கள் பொம்மக்கா, திம்மக்காவை மணக்கக் குடுமியையும் பூணூலையும் விடுகிறான், செருப்புத் தைக்கிறான். மாமனாரின் மாட்டைக் காக்கப் போய்க் கள்வர் கையில் சாகிறான். பின்னால் வந்த பாடல் வடிவமோ, அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர், காட்டில் கண்டெடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்கிறது. இடைச்செருகல் என்றார் வானமாமலை. காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனாகிவிட்ட முத்துப்பட்டனுக்கு இன்றும் செருப்பு நேர்ந்து கட்டுகிறார்களே, அந்த நேர்ச்சையும் அவர் பக்கமே பேசுகிறது. குரல் எத்தனை இனிமையாக இருந்தாலும், 'கண்டெடுத்த குழந்தை' என்று பாடும் புலவரை நான் இரண்டாம் தரத்தில்தான் வைப்பேன்.

கொடைக்கு வில்லுக் குழு பேசப் போகிறவர்கள் முன்பணம் கொடுக்குமுன் இதைக் கேட்டுவிடட்டும்: முத்துப்பட்டனை எந்தப் பாடத்தின்படி பாடுவீர்கள்?