‘மனிதத் தவறு’: யார் சொல்லும் கதை?

தொழிற்சாலைப் பாதுகாப்பு பற்றிய பாடநூல்களில் 88:10:2 என்று ஒரு விகிதம் உண்டு. விபத்துகளில் நூற்றுக்கு எண்பத்தெட்டு தொழிலாளியின் ‘பாதுகாப்பற்ற செயலால்’ நடக்கின்றன. பத்து, இயந்திரத்தின் அல்லது இடத்தின் குறையால். மிச்சம் இரண்டு யாராலும் தடுக்க முடியாதவை. எச்.டபிள்யூ. ஹைன்ரிச் என்ற அமெரிக்கர் 1931இல் வெளியிட்ட தொழிலக விபத்துத் தடுப்பு பற்றிய நூலிலிருந்து வந்த கணக்கு இது. பைபிள் வசனம் மாதிரி இன்றும் பயிற்சி வகுப்புகளில் இதை ஒப்பிக்கிறார்கள். விஞ்ஞானமாக முன்வைக்கப்பட்ட இந்தப் பிரதியை ஒரு கதையாடலாக வாசித்துப் பார்த்தால் என்ன?

முதலில் ஆசிரியர் யார் என்று பார்ப்போம். ஹைன்ரிச் டிராவலர்ஸ் என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பொறியியல், ஆய்வுப் பிரிவில் அதிகாரி. அவர் எடுத்துக்கொண்டவை சுமார் 75,000 விபத்துகள். பன்னிரண்டாயிரம், முடித்து வைக்கப்பட்ட நஷ்டஈட்டுக் கோப்புகள். மற்றவை ஆலை முதலாளிகளின் பதிவேடுகளில் இருந்தவை. அந்தப் படிவங்களை நிரப்பியவர்கள் பெரும்பாலும் மேஸ்திரிகளும் சூப்பர்வைசர்களும். ‘காரணம்’ என்ற கட்டத்துக்கு எதிரே, ‘நான் வேகமாக ஓட்டச் சொன்னேன்’ என்று எந்த சூப்பர்வைசராவது எழுதுவாரா? ‘அவன் கவனக்குறைவா இருந்தான் சார்’ என்றுதான் எழுதுவார். ஆக அந்த எண்பத்தெட்டு, விபத்துகளை எண்ணி வந்த எண்ணிக்கை என்பதைவிட, மேஸ்திரிகளின் வாக்கியங்களை எண்ணி வந்த எண்ணிக்கை என்பதே பொருந்தும். செயலும் இயந்திரக் குறையும் சேர்ந்தே இருந்த இடங்களிலும் ஏதோ ஒன்றில்தான் அதைப் போட்டிருக்கிறார். மூலக் கோப்புகளை எடுத்துச் சரிபார்க்கவும் இன்று வழியில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1910களிலேயே அமெரிக்க மாநிலங்கள் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டங்களைக் கொண்டுவந்துவிட்டன. தப்பு யார் மேல் என்று பார்க்காமல் முதலாளி பணம் கொடுக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். ‘உன் கவனக்குறைவால்தான் கை போச்சு’ என்று கோர்ட்டில் வாதாடும் வழி அதோடு அடைபட்டது. சட்டத்தின் முன்வாசலில் வெளியே தள்ளப்பட்ட அந்த வாதம் புள்ளிவிவரத்தின் பின்வாசல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

பின்வந்த பதிப்புகளில் ஹைன்ரிச் விபத்தை வரிசையாக நிறுத்திய ஐந்து டாமினோ வில்லைகளாக விளக்கினார். ஒன்று சாய்ந்தால் அடுத்தது சாயும். கடைசி வில்லை காயம். அதற்கு முன்னால் விபத்து, அதற்கு முன்னால் பாதுகாப்பற்ற செயல் அல்லது இயந்திர அபாயம், அதற்கும் முன்னால் ஆளின் குறைபாடு. முதல் வில்லையின் பெயர்தான் நாம் நின்று பார்க்க வேண்டியது: வம்சாவளியும் சமூகச் சூழலும். முரட்டுத்தனம், பிடிவாதம், பேராசை ஆகியவை பரம்பரையாக வரலாம் என்று விளக்கமும் உண்டு. பிரஸ்ஸில் விரல் போவதற்குப் பாட்டன் காரணம்! அமெரிக்காவில் குடியேறிய ஏழைகளைப் பற்றிய அன்றைய மேட்டிமைப் பார்வை இதில் இருக்கிறது. பொறப்பை வைத்து ஆளின் தராதரத்தைச் சொல்லப் பழகிய நம் சமூகத்துக்கு இந்த முதல் வில்லையை மொழிபெயர்த்துக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

ஹைன்ரிச்சுக்கு நியாயம் செய்ய ஒன்று சொல்லியாக வேண்டும். இயந்திரங்களுக்குக் காப்புத் தடுப்பு போடு, வேலை முறையை மாற்று என்று அவர் வற்புறுத்தினார். ஆனால் நூலிலிருந்து நிர்வாகங்கள் கழற்றி எடுத்துக்கொண்டு போனது எண்பத்தெட்டை மட்டும்தான்.

இரண்டாம் உலகப் போரின்போது இதே அறிவுத்துறைக்கு உள்ளிருந்தே ஓர் எதிர்க்கதை வந்தது. பி-17 குண்டுவீச்சு விமானங்கள் ஒழுங்காகத் தரையிறங்கிய பிறகு, ஓட்டுபவர் இறக்கை மடலை மடக்குவதற்குப் பதில் சக்கரத்தை மடக்கிவிடுவார். விமானம் வயிற்றால் தரையில் உட்காரும். ‘விமானியின் தவறு’ என்று பைலை மூடிக்கொண்டிருந்தார்கள். 1943இல் அல்ஃபோன்ஸ் சாப்பனிஸ் என்ற இளம் உளவியலாளர் போய்ப் பார்த்தார். இரண்டு விசைகளும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே ஜாடையில் இருந்தன. வேறு அமைப்புள்ள சி-47 விமானங்களில் இந்தத் ‘தவறு’ நிகழவேயில்லை. சக்கர விசையின் முனையில் சின்ன ரப்பர் சக்கரம், மடல் விசையின் முனையில் ஆப்பு வடிவக் கட்டை. அவ்வளவுதான் சிகிச்சை. இருட்டிலும் பயத்திலும் கைக்குத் தெரிந்துவிடும்.

1947இல் பால் ஃபிட்ஸும் ஆர்.இ. ஜோன்ஸும் கட்டுப்பாட்டு விசைகளைக் கையாள்வதில் நேர்ந்த 460 அனுபவங்களைத் தொகுத்து அறிக்கை எழுதினார்கள். அதன் தலைப்பில் ‘விமானித் தவறு’ என்ற தொடரை மேற்கோள் குறிக்குள் போட்டார்கள். ஒரு பொறியியல் அறிக்கை செய்யக்கூடிய அதிகபட்சக் கட்டுடைப்பு என்று அந்த இரண்டு குறிகளையே நான் சொல்வேன். பாதியளவு அனுபவங்கள் ஒரு விசைக்குப் பதில் இன்னொன்றைத் தொட்டவை. அதைவிட முக்கியம், தகவல் வந்த வழி. மேலதிகாரியின் படிவத்தை நம்பாமல், ஓட்டியவர்களிடமே ‘என்ன நடந்தது, சொல்லுங்க’ என்று கேட்டார்கள். சொல்பவர் மாறியதும் காரணமும் மாறிவிட்டது. ஆனால் அந்த விமானிகள் ராணுவ அதிகாரிகள் என்பதை மறக்கக் கூடாது. பஞ்சாலையில் கை போனவரிடம் யாரும் இப்படி நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்காரவில்லை.

இனி போபால். 1984 டிசம்பர் 2 இரவு. E610 என்ற தொட்டிக்குள் தண்ணீர் புகுந்து, நாற்பது டன் அளவில் இருந்த மீதைல் ஐசோசயனேட் கொதித்து வெளியேறியது. தொட்டியைக் குளிர்விக்கும் சாதனம் மாதக்கணக்காக நிறுத்தப்பட்டிருந்தது. கசிவை எரிக்க வேண்டிய கோபுரத்துக்குப் போகும் குழாய் கழற்றிக் கிடந்தது. வாயுவைக் கழுவும் சாதனம் இயக்கத்தில் இல்லை. ஷிப்டு ஆட்களைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். இரவு ஷிப்டில் பராமரிப்பு சூப்பர்வைசர் பதவியே எடுக்கப்பட்டிருந்தது. பதினொரு மணிக்கு அழுத்தமானி பத்தைக் காட்டியது. சற்று முன் அது இரண்டு. ஆனால் இரண்டிலிருந்து இருபத்தைந்து வரை சாதாரணம் என்பது அங்கே புழக்கத்தில் இருந்த கணக்கு. அப்போதுதான் ஷிப்டு மாறியிருந்தது. கசிவைத் தொழிலாளர்கள் தெரிந்துகொண்டது கண் எரிச்சலால். கோடிக்கணக்கான ரூபாய் ஆலையில் நம்பகமான அளவுமானி தொழிலாளியின் கண்தான்! உடம்பையே கருவியாக்கி வைத்துக்கொண்டு, அந்தக் கருவி பிசகிவிட்டது என்று பிறகு அதன்மீதே குற்றம் சாட்டினார்கள்.

யூனியன் கார்பைடு ஏற்பாட்டில் நடந்த ஆய்வை ஆர்தர் டி. லிட்டில் ஆலோசனை நிறுவனத்தின் அசோக் கலேல்கர் 1988 மே மாதம் லண்டனில் ஒரு பொறியாளர் மாநாட்டில் கட்டுரையாக வாசித்தார். வேதிப் பொறியியல் கட்டுரைதான், ஆனால் அசல் துப்பறியும் நாவல். காணாமல்போன அழுத்தமானி உண்டு, திருத்தப்பட்ட பதிவேடு உண்டு, முன்னுக்குப்பின் முரணான வாக்குமூலங்கள் உண்டு. நள்ளிரவுக்குப் பின் டீ கொண்டுவந்த பையன் உண்டு. அறையில் இறுக்கம், யாரும் டீ வேண்டாம் என்றார்கள் என்பது அவன் சாட்சியம். கடைசியில் வில்லன்: நிர்வாகத்தின்மேல் மனக்கசப்புள்ள ஒரு தொழிலாளி வேண்டுமென்றே குழாயைச் செருகித் தண்ணீர் விட்டான். பெயர் கிடையாது. அப்படி ஒருவர்மீது இன்றுவரை எந்தக் கோர்ட்டிலும் வழக்கும் கிடையாது.

கட்டுரையின் தர்க்கத்தைக் கவனியுங்கள். சம்பவத்தில் இருந்த தொழிலாளர்கள் உண்மையை மூடி மறைக்கக் காரணம் உள்ளவர்கள். ஆகவே சம்பந்தமில்லாதவர் சொல்வதே நம்பத்தக்கது. மறைக்கக் காரணம் உள்ளவர் என்ற அளவுகோலை ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்மீது வைத்துப் பார்க்கவில்லை. ஃபிட்ஸும் ஜோன்ஸும் எதை ஆதாரமாக்கினார்களோ, அதையே இங்கே ஆதாரமற்றதாக்குகிறார்கள். அந்தப் பிரிவில் வேலை பார்த்த டி.ஆர். சவுகான் 1994இல் போபாலின் உட்கதையைப் புத்தகமாக எழுதினார். நாசவேலைக் கதையை அதில் மறுத்தார். ஒரு ஆப்பரேட்டர் தன் ஆலையைப் பற்றித் தானே எழுதியதால் இது முக்கியமான பிரதி. தண்ணீர் எந்தக் குழாய் வழியாக வந்தது என்ற சர்ச்சையே கவனத்தைத் திருப்புகிறது என்பேன். தண்ணீர் யார் விட்டிருந்தாலும், குளிர்சாதனத்தை நிறுத்தியது மனக்கசப்புள்ள தொழிலாளி இல்லை. ஆள்குறைப்பு உத்தரவில் கையெழுத்துப் போட்டதும் அவன் இல்லை. 2010 ஜூனில் போபால் நீதிமன்றம் இந்தியக் கம்பெனியின் ஏழு அதிகாரிகளுக்குக் கவனக்குறைவுக்காக இரண்டாண்டு தண்டனை கொடுத்து, அன்றே ஜாமீனும் கொடுத்தது. ஆயிரக்கணக்கில் ஆட்கள் செத்ததற்கும் சட்டத்தில் கிடைத்த பெயர் ‘கவனக்குறைவு’தான்.

நம்ம பக்கத்தில் சிவகாசி, சாத்தூர் வட்டாரத்துப் பட்டாசு விபத்துச் செய்திகளில் மாறாத ஒரு வாக்கியம் உண்டு: ‘மருந்து கலக்கும்போது ஏற்பட்ட உராய்வினால் வெடித்தது’. இலக்கணப்படி எழுவாயே இல்லாத காரணம். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியிலும் 2021 பிப்ரவரி 12 அச்சங்குளத்திலும் கூட்டமாகச் செத்தார்கள். பல வழக்குகளில் புகார்தாரர் கிராம நிர்வாக அலுவலர். முதலில் பிடிபடுவது பெரும்பாலும் போர்மேன். அறைகளை உள்குத்தகைக்கு விட்டது, பீஸ் ரேட் கூலி, விதிக்கு மேல் ஆட்களை ஓர் அறையில் உட்கார வைத்தது, தீபாவளி ஆர்டர் எல்லாம் ‘உராய்வு’ என்ற சொல்லுக்குள் அடங்கிவிடும். சுற்றுவட்டாரத்துக்குத் தெரியாத விஷயம் எதுவும் இதில் இல்லை.

கிண்டியில் தொழிலகப் பொறியியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. 1947இல் விமானிகளிடம் கேட்ட கேள்வியைச் சாத்தூருக்கு எடுத்துப்போகப் பெரிய உபகரணம் எதுவும் வேண்டாம். வெடித்துப் பிழைத்தவர்களிடமும், கலக்கும்போது வெடிக்காமல் தப்பியவர்களிடமும் உட்கார்ந்து, அன்றைக்கு எத்தனை கிலோ கலக்கச் சொன்னாங்க, போன வாரம் எத்தனை, அறையில் எத்தனை பேர், வெயில் ஏறின பிறகும் வேலை நடந்ததா, நிறுத்தச் சொன்னால் கூலி என்னாகும் என்று கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதி, சூப்பர்வைசர் கையெழுத்து இல்லாமல் அச்சிட வேண்டும்.