ஊவா லயத்தில் நேர்காணல்: ஒளியமைப்பின் சில மரபுகள்

தேயிலைப் பிரசாரச் சபையின் பணத்தில் பசில் ரைட் எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' 1934இல் வந்தது. படம் முழுக்க இலங்கை முகங்கள். வர்ணனைக் குரலோ லயனல் வென்ட்டுடையது, வாசகம் 17ஆம் நூற்றாண்டுக் கைதி ரொபர்ட் நொக்ஸ் எழுதியது. மறு ஆண்டே 'ஹவுசிங் புரொப்ளம்ஸ்' படத்துக்காக எல்ட்டனும் ஆன்ஸ்டியும் லண்டன் சேரிவாசிகளை அவரவர் வீட்டிலேயே கமெரா முன்னால் பேசவைத்தார்கள். பேசுபவரின் வீடே பின்புலம் என்ற வழக்கத்துக்கு அது முன்னோடி.

இத்தகைய நேர்காணலுக்குப் பாடப்புத்தகம் சொல்வது மூவிளக்கு மரபு. முகத்துக்குப் பக்கவாட்டில் 45 பாகையில் பிரதான விளக்கு, மறுபக்கம் அதில் பாதியோ காற்பங்கோ நிரப்பொளி, தோளைப் பிரித்துக் காட்டப் பின்விளக்கு. கலையகத்துக்குச் சரி. பத்துக்குப் பன்னிரண்டு அடித் தோட்ட லயக் காம்பராவில் ஆளைச் சுவரிலிருந்து தள்ளி உட்காரவைக்கவே இடமில்லை. நிழல் சுவரில் அப்பிக்கொள்ளும். வெற்றுத்திரை மரபும் ஒன்றுண்டு. ஆனால் லயத்தைப் பற்றிப் பேசுகிறவருக்குப் பின்னால் லயத்தையே துணி போட்டு மறைப்பது என்ன நியாயம்?

அதைவிடக் கெட்டது தபாலட்டை மரபு. நமுனுகுல மலையும் தேயிலைச் சரிவும் பின்னால். வானத்துக்குக் கமெராவை அளந்தால் முகம் கருத்துவிடும், முகத்துக்கு அளந்தால் மலை வெளுத்துவிடும். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்த மண்சரிவு போன்ற வேளைகளில் செய்தியாளர் கமெராத் தலையில் மாட்டும் விளக்கை மட்டும் மன்னிக்கலாம். முகம் தட்டையாகும்தான், அங்கே அவகாசம் ஏது?

ஊவாவுக்கு ஏற்றது லயத்தின் முன்பக்க இஸ்தோப்புதான். பேசுபவர் கூரை நிழலுக்குள், வெளிப்பக்கம் சற்றே திரும்பி உட்காரட்டும். திறந்த வானமே பெரிய மென்விளக்கு. கறுத்த தோலுக்கு அந்த அகலமான ஒளிதான் மெருகு தரும், கண்ணிலும் ஒரு பொட்டு வெளிச்சம் விழும். பின்னால் காம்பராக் கதவு திறந்திருந்தால் இருட்டு ஆழம் கொடுக்கும். நிழற்பக்கம் மிக இருண்டால் ரெஜிபோம் பலகை. வெளிச்சம் சப்பென்றிருந்தால் அதே இடத்தில் கறுப்புப் படங்கு. உள்ளே சுவரில் சாமிப்படம் தெரிய ஒரு சிறு எல்ஈடி போதும். கண்ணாடி பளிச்சிட்டால் சட்டத்தின் மேல்விளிம்புக்குப் பின்னால் மடித்த காகிதம் ஒன்றைச் செருகினால் பளபளப்பு கீழே இறங்கிவிடும். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். நொடிக்கு 25 சட்டகம், 1/50 ஷட்டர் வைத்தால் மலிவான பல்புகளின் துடிப்பு அநேகமாகத் தெரியாது.

ஹப்புத்தளைப் பக்கம் பதில் பாதியில் இருக்கும்போதே பனிமூட்டம் ஏறும். தொடக்கத்திலிருந்தே வானொளியின் பக்கமாக, பகல் நிறத்தில் (5600 கெல்வின்) ஓர் எல்ஈடியை ஏற்றி வைத்திருந்தால் வெளிச்சம் குறைவது அவ்வளவாக உறுத்தாது. ஆடிக் காற்றுக்கு உரப்பையில் மண் நிரப்பி விளக்குக் காலில் கட்டவேண்டும். தகரத்தில் மழை விழுந்தால் ஒலி போச்சு. எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தேநீர் குடிக்கலாம்.

மடுவத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் அம்மா, பெரும்பாலும் சேலை மாற்றிக்கொண்டு, ஷோகேஸ் முன்னால்தான் உட்காருவேன் என்பார். படமெடுக்க வந்தவர்களுக்கோ புகை படிந்த அடுப்படிச் சுவர் வேண்டும். ஷோகேஸ் முன்னாலேயே விளக்கை வையுங்கள். அடுப்படியை, அவர் சம்மதித்தால், தனி ஷொட்டாக எடுத்துக்கொள்ளலாம்.