மதமா, ஆன்மிகமா: ஒரு வழக்கை வாசித்தல்

'எனக்கு மதமெல்லாம் கிடையாதுங்க, ஆன்மிகம் மட்டும்தான்.' புதுச்சேரியில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது. மனநிலை என்று எடுத்துக்கொண்டால் விவாதிக்க ஒன்றுமில்லை. அவரவர் மனசு அவரவருக்கு. ஆனால் இந்தச் சொல்லாடல் நிலத்தையும் பணத்தையும் தொடும்போது என்ன ஆகிறது?

1968இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது, சமயம், அரசியல், தேசியம் கடந்த நகரம் என்று அன்னை அறிவித்தார். 1973இல் அவர் மறைந்தபின் ஸ்ரீ அரவிந்தர் சொசைட்டிக்கும் ஆரோவில்வாசிகளுக்கும் மோதல் மூண்டது. நிதி நிர்வாகம் பற்றிக் குற்றச்சாட்டுகள் எழுந்தன. 1980இல் மத்திய அரசு சட்டம் இயற்றி நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்தது. அப்போது சொசைட்டி தரப்பு உச்ச நீதிமன்றத்தில் வைத்த வாதம்தான் கவனிக்கத்தக்கது: நாங்கள் ஒரு மதப்பிரிவு, அரசியல் சட்டத்தின் 26ஆவது பிரிவு எங்களைக் காக்க வேண்டும்.

1982 நவம்பரில் தீர்ப்பு வந்தது. அரவிந்தரின் போதனை தத்துவம், மதமல்ல என்றனர் நான்கு நீதிபதிகள். சின்னப்ப ரெட்டி மட்டும் அதை மதமாகக் கொள்ளலாம் என்றார். ஆனால் சட்டம் செல்லும் என்பதில் ஐவருக்கும் ஒரே கருத்து: நம்பிக்கை வேறு, சொத்து நிர்வாகம் வேறு.

இதை வெறும் இரட்டை வேடம் என்று தள்ளிவிட முடியாது. பூசாரி வேண்டாம், சடங்கு வேண்டாம், கட்டாயம் வேண்டாம் என்கிற மறுப்பில் நியாயம் உண்டு. சிக்கல், அந்த மறுப்புக்குப் பிறகும் நிறுவனம் மிஞ்சுகிறது என்பதில்தான். ஆசிரமத்துச் சமாதியிலும் பூ உண்டு, ஊதுபத்தி உண்டு. பக்கத்திலேயே மணக்குள விநாயகருக்குத் தேங்காய் உடைக்கிறார்கள். உடைக்கிறவர் செய்வது மதம், கண்மூடி உட்கார்ந்தவர் செய்வது ஆன்மிகம் என்று பிரிப்பது யார்? படிப்பும் வர்க்கமும் இந்தப் பிரிப்புக்குள் சத்தமில்லாமல் வேலை செய்கின்றன. தேங்காய் உடைக்கிறவரிடம் போய்க் கேட்டால் இரண்டும் 'சாமி கும்பிடுறது'தான் என்பார்.

சாதி, சமய பேதங்களை மறுத்த வள்ளலார் 1867இல் வடலூரில் தருமச்சாலையைத் திறந்தார். அந்த மறுப்புக்கு அளவுகோல் வெளியே இருந்தது: பசித்து வந்தவருக்குச் சோறு கிடைத்ததா? யாரும் போய்ப் பார்க்கலாம், கேட்கலாம்.

'மதம் இல்லை, ஆன்மிகம்' என்கிறவரிடம் நாம் கேட்க வேண்டியதும் இதுதான். உள்ளே என்ன அனுபவம் என்பது அவர் பாடு. வெளியே யாருக்குக் கணக்குச் சொல்கிறார்?