இணைதலும் இணைத்தலும்

தன்வினை, பிறவினை நடத்தும்போது நான் தரும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று இணைதல், இணைத்தல். இருவர் தாமாகச் சேர்ந்தால் இணைந்தார்கள். மூன்றாமவர் சேர்த்துவைத்தால் இணைத்தார்கள். வேறுபாடு ஒரே ஒரு ஒற்றெழுத்துதான். பிளவுபட்ட நிலங்களை ஒன்றாக்குவது பற்றி நாடுகள் எழுதும் ஆவணங்களைப் படிக்கும்போது அந்த ஒற்றெழுத்தைத்தான் நான் தேடுகிறேன்.

என் மாணவிகளுக்குக் கொரியா நன்றாகத் தெரியும், தொடர்கள் வழியாக. வடக்கும் தெற்கும் எப்போது சேரும் என்று கேட்கிறார்கள். அதற்கான திட்டங்களுக்குக் குறைவில்லை. 2009 ஜூனில் அமெரிக்க அதிபர் ஒபாமாவும் தென்கொரிய அதிபர் லீ மியுங் பாக்கும் வெளியிட்ட கூட்டறிக்கை, சுதந்திர ஜனநாயகம், சந்தைப் பொருளாதாரம் ஆகியவற்றின் அடிப்படையில் அமைதியான மறு இணைப்பைக் குறிக்கோளாக அறிவித்தது. வட கொரிய அரசு திடீரென்று குலைந்தால் என்ன செய்வது என்பதற்கு 5029 என்ற எண்ணில் இரு நாட்டுப் படைகளிடமும் திட்டம் உண்டு. ஆனால் வடக்கிலிருந்து தெற்குக்கு இதுவரை வந்து சேர்ந்த சுமார் 34,000 பேரில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். மறு இணைப்பு என்பதை உடம்பால் முதலில் வாழ்ந்து பார்த்தவர்கள் அவர்கள். திட்டமிடும் மேசையில் அவர்களுக்கு இடம் இல்லை. தலைமையில் ஒரு பெண் இருந்துவிட்டால் போதும் என்றும் சொல்ல முடியாது. தென்கொரியாவின் முதல் பெண் அதிபர் பாக் குன் ஹே 2014 ஜனவரியில் மறு இணைப்பை 'ஜாக்பாட்' என்றார். லாபக் கணக்கின் மொழிதான் அதுவும்.

நமக்கு நெருங்கிய ஆவணம் ஒன்று இருக்கிறது. 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம். இலங்கையின் வடக்கு, கிழக்கு மாகாணங்களைத் தற்காலிகமாக ஒன்றாக்குவது, 1988 டிசம்பர் 31க்குள் கிழக்கில் வாக்கெடுப்பு நடத்துவது என்று அது எழுதியது. எந்த மக்களின் பெயரால் எழுதப்பட்டதோ அந்தத் தமிழர் தரப்பில் ஒருவரும் அதில் கையெழுத்திடவில்லை. (1953 கொரியப் போர்நிறுத்த உடன்பாட்டிலும் தென்கொரியாவின் கையெழுத்து இல்லை.) தமிழ்நாட்டிலிருந்த அகதிகளைத் திருப்பி அனுப்புவதும், இலங்கையிலிருந்த இந்தியக் குடிமக்களை இங்கே கொண்டுவருவதும் ஒரே வாக்கியத்தில் சரக்குப் பரிமாற்றம் போல வருகின்றன. கூடவே இணைத்த கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகமும் எண்ணெய்க் குதங்களும் கவனமாகப் பேசப்படுகின்றன. வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. இணைப்பு செல்லாது என்று 2006 அக்டோபரில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007 பிறந்தபோது மாகாணங்கள் மறுபடி இரண்டாயின.

இந்த ஒப்பந்தத்தோடு போன அமைதிப்படையின் காலம் பெண்களுக்கு என்ன தந்தது என்பதை எழுதிவைத்தவர் ராஜினி திராணகம. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் ஆசிரியர். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களின் வாக்குமூலங்களைத் தேடிப் பதிவு செய்தவர். 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அவரும் தோழர்களும் எழுதிய 'முறிந்த பனை'யை ஒப்பந்தத்தின் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்று என் மாணவிகளிடம் சொல்வேன். ஒன்று பிறவினையில் எழுதப்பட்டது. மற்றது அந்தப் பிறவினையைத் தாங்கியவர்களின் குரல்.

2002இல் நார்வேயின் நடுவண்மையில் பேச்சுகள் தொடங்கியபோது காலம் சற்று மாறியிருந்தது. பெண்கள், அமைதி, பாதுகாப்பு குறித்து ஐ.நா. பாதுகாப்பு அவை 2000இல் 1325ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தது. அரசும் புலிகளும் சேர்ந்து, பெண்கள் மட்டுமே உறுப்பினராக இருந்த பால்நிலை விவகாரங்களுக்கான உபகுழு ஒன்றை அமைத்தார்கள். அரசுத் தரப்புக் குழுவுக்கு நாம் பாடமாகப் படிக்கும் குமாரி ஜயவர்த்தன தலைமை ஏற்றார். மறு தரப்புக்குத் தமிழினி. 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடி, மீள்குடியேற்றம், பெண்களின் பாதுகாப்பு, வாழ்வாதாரம், அரசியல் பிரதிநிதித்துவம், நல்லிணக்கம் என்று பேச வேண்டியவற்றை வரிசைப்படுத்தினார்கள். எதிரெதிர் அணியைச் சேர்ந்த பெண்கள் ஒரே பட்டியலுக்கு வந்தது சிறிய செயல் அல்ல. ஆனால் அந்தக் குழு முதன்மைப் பேச்சுக்கு ஆலோசனை சொல்லலாம், அவ்வளவே. ஏப்ரல் 21 அன்று புலிகள் பேச்சிலிருந்து விலகி நின்றபோது உபகுழுவின் வேலையும் நின்றது.

ஜூன் 10 அன்று டோக்கியோ பிரகடனம் வந்தது. 51 நாடுகளும் 22 சர்வதேச அமைப்புகளும் கூடிய மாநாடு. 450 கோடி டாலருக்கு மேல் உதவி அறிவிப்பு. பின்னர் இணைத்தலைமை நாடுகள் என்று அழைக்கப்பட்ட அமெரிக்கா, ஜப்பான், நார்வே, ஐரோப்பிய ஒன்றியம் முன்னின்றன. உதவியோடு இணைத்துப் பார்க்க வேண்டிய மைல்கற்களின் பட்டியலில் பாலினச் சமத்துவமும் ஒன்று. உபகுழுவின் பெயரும் அங்கே இருந்தது, அந்த உபகுழு கூட வழியில்லாமல் போன பிறகு.

என் விமர்சனம் இதுதான். ஆவணத்தில் பெண் என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் தேடிப் பழகிவிட்டோம். 1325க்குப் பிறகு அந்தச் சொல் எளிதாகவே கிடைக்கிறது. கேட்க வேண்டியது வேறு. அந்த வரி நிறைவேறாவிட்டால் எது நிற்கும்? நிதி நிற்குமா? பேச்சு நிற்குமா? ஒன்றும் நிற்காது என்றால் அந்த வரி வெறும் ஓரச்சரிகை.

நான் வசிக்கும் அனகாபுத்தூர் நெசவாளர் ஊர். தறியில் பழைய பாவு முடியும்போது புதுப் பாவின் இழைகளை அதன் இழைகளோடு ஒவ்வொன்றாகக் கையால் பிணைக்க வேண்டும். பொறுமையைத் தின்னும் வேலை. பிணைக்காத இழைகள் துணியில் இடைவெளியாகத் தெரியும். தலைநகரங்களில் எழுதப்படும் திட்டங்களுக்கு இந்தப் பொறுமை கிடையாது. இழைகளை விட்டுவிட்டுத் துணியின் அகலத்தை அறிவிக்கின்றன.

2017 பிப்ரவரி 20 அன்று, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கிளிநொச்சியில் கந்தசாமி கோயில் முன்பு உட்கார்ந்தார்கள். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் உபகுழு கூடிய அதே ஊர். பாதுகாப்பு, வாழ்வாதாரம், நல்லிணக்கம் என்று அன்று எழுதிய தலைப்புகளுக்குள் வர வேண்டியவைதான் அவர்களின் கேள்விகளும். இணைத்தலைமை நாடுகள் எதுவும் அவர்களை அங்கே கூட்டவில்லை. பிள்ளைகளின் படங்களை ஏந்திக்கொண்டு அவர்களாகவே இணைந்தார்கள்.