கட்டிப் பார்ப்பவருக்கே கைச்சீட்டு

பாளையங்கோட்டையில் தொடங்கி அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வரை, விசேஷ வீடுகளில் ராப்பந்தி முடிந்ததும் மொட்டை மாடியில் பாய் விரித்துச் சீட்டுக்கட்டை எடுப்பது பழைய பழக்கம். அந்தப் பாயில் காலங்காலமாக ரம்மிதான் ராஜா. இப்போது இளவட்டங்கள் நடுவே போக்கரும் வந்து உட்கார்ந்திருக்கிறது. கூடவே ஒரு தகராறும் வந்திருக்கிறது. ஒருவர் பெரிதாகக் கட்டுகிறார், மற்றவர்கள் சீட்டை மடக்கிவிடுகிறார்கள், நடுவில் கிடந்ததை அவர் அள்ளிக்கொள்கிறார். உடனே எதிரே இருப்பவர், "என்னத்தல வச்சிருந்தே, காட்டு பாப்போம்" என்கிறார். காட்டுவதா, வேண்டாமா? காட்டக் கூடாது என்பதே என் கட்சி. காட்டினால் நட்பு வளரும் என்று நினைப்பவர்கள், ஆட்டத்தின் உயிர் எதில் இருக்கிறது என்பதைக் கவனிக்கவில்லை.

இப்படிக் காட்டச் சொல்லும் பழக்கம் ரம்மியிலிருந்து வந்தது என்பது என் கணிப்பு. ரம்மியில் டிக் அடித்தவர் 13 சீட்டையும் விரித்தே ஆக வேண்டும். தோற்றவர்களும் புள்ளி எண்ணுவதற்காகக் காட்டுகிறார்கள். ஜோக்கர் இல்லாத ஒரிஜினல் வரிசை சேராதவருக்கு ஃபுல் 80 புள்ளி. அங்கே காட்டுவது கணக்கு முடிப்பதற்காக. ரம்மியில் தகவல் கிடைக்கும் இடமே வேறு: கீழே விழுகிற சீட்டு எல்லோர் கண்ணுக்கும் தெரியும், அதை யார் நினைவில் வைத்திருக்கிறார் என்பதுதான் போட்டி. 1967-ல் சத்தியநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை ஆட்டம் என்று சொன்னதும் இதை வைத்துத்தான். விழுந்த சீட்டை ஞாபகம் வைப்பது, எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று முடிவெடுப்பது ஆகியவற்றைத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. போக்கரில் மடக்கிய சீட்டு யாருக்கும் தெரியாது. எதிராளி கையில் என்ன என்று அறிய ஒரே வழி, அவர் கட்டியதற்குச் சமமாகக் கட்டிப் பார்ப்பது. மூணு சீட்டு ஆட்டத்தில்கூட ஷோ கேட்பவர் முதலில் பணம் போட்டாக வேண்டும். மடக்கிவிட்டு 'காட்டு' என்பது, விலை கொடுக்காமல் பொருளைக் கேட்பது.

ஒரு கையை எடுத்துக்கொள்வோம். எல்லோருக்கும் பொதுவாக நடுவில் கிங், 9, 4 விழுகிறது, அடுத்து 2. கிங் ஜோடி வைத்திருக்கும் மூத்தவர் இரண்டு சுற்றும் கொஞ்சமாகக் கட்டுகிறார், இளையவர் வாய் திறக்காமல் கூடவே கட்டி வருகிறார். ஐந்தாவது சீட்டாக ஆஸ் விழுந்ததும் இளையவர் பெரிதாகத் தள்ளுகிறார். மூத்தவர் யோசித்து மடக்குகிறார். அப்போது இளையவர் நல்ல மனதோடு தன் ஆஸைத் திருப்பிப் போட்டு, "நீங்க விட்டது சரிதான் அண்ணாச்சி" என்கிறார். அந்த ஒற்றைச் சீட்டில் அண்ணாச்சிக்கு எவ்வளவு தெரிந்துவிட்டது பாருங்கள்! ஆஸுக்கு ஜோடி சேராமலே இரண்டு சுற்று தொடர்கிறவன் இவன், சேரும்வரை அடங்கியிருப்பான், சேர்ந்தால் ஓங்கிக் கட்டுவான். இனி ஆஸ் விழுந்து இவன் ஓங்கினால் அவர் உடனே மடக்குவார். இவன் அடங்கியிருந்தால் முன்கூட்டியே அழுத்துவார். எதிராளி உங்கள் சீட்டைப் பார்த்திருந்தால் எப்படி ஆடியிருப்பாரோ, அப்படி ஆடாத ஒவ்வொரு முறையும் லாபம் உங்களுக்கே என்பது போக்கர் நூலாசிரியர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி வகுத்த அடிப்படைக் கணக்கு. காட்டுவது அந்த லாபத்தைக் கையோடு கொடுத்துவிடுவது. சூதாட்ட விடுதியில் எதிரே இருப்பவர் மறுநாள் ஊருக்குப் போய்விடுவார். வீட்டிலோ பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் அதே ஆறு பேர்தான் கூடுகிறார்கள். காட்டிய சீட்டு வருஷக்கணக்கில் அவர்கள் நினைவில் இருக்கும். அதனால் விடுதியைவிட வீட்டில்தான் கூடுதலாக மறைக்க வேண்டும்.

பிளஃப் அடித்து ஜெயித்ததைக் காட்டினால் அடுத்த முறை நம்பமாட்டார்கள், நல்ல கை வரும்போது கட்டிப் பார்ப்பார்கள், அது லாபம்தானே என்று கேட்பார்கள். வலுவான வாதம் இது. கணித மேதை ஜான் வான் நாய்மனும் பொருளாதார அறிஞர் மார்கன்ஸ்டெர்னும் 1944-ல் வெளியிட்ட நூலிலேயே பிளஃபுக்கு இரண்டு பயன் சொல்லப்பட்டிருக்கிறது: பலவீனமான கையைப் பலமாகக் காட்டுவது ஒன்று, பலமான கையையும் பலவீனமோ என்று சந்தேகிக்க வைப்பது இன்னொன்று. ஆனால் இரண்டாவது பயன், கட்டிப் பார்த்து மாட்டிக்கொள்ளும் கைகளிலேயே கிடைத்துவிடுகிறது. தனியாக விளம்பரம் தேவையில்லை. காட்டியபின் அடங்கி, நல்ல கைக்காகக் காத்திருக்கும் பொறுமைசாலிக்கு ஓர் இரவு லாபம் உண்டு, மறுக்கவில்லை. பெரும்பாலோர் காட்டுவது பெருமைக்காக. காட்டிய சூட்டிலேயே மறுபடி பிளஃப் அடித்து மாட்டுகிறார்கள். மறைந்திருக்கும் பிளஃபின் பலத்துக்கு ஓர் உதாரணம்: 2003-ல் லாஸ் வேகாஸ் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 839 பேர் ஆடினார்கள். கடைசி இருவரில் ஒருவரான கிறிஸ் மணிமேக்கர், ஜோடிகூட இல்லாமல் கிங்கை மட்டும் வைத்துக்கொண்டு கையிலிருந்த அத்தனையையும் தள்ளினார். சாம்மி ஃபார்ஹா 9 ஜோடியை மடக்கினார். டிவி பார்த்தவர்களுக்குக் கேமரா காட்டிக்கொடுத்தது, அந்த நொடியில் ஃபார்ஹாவுக்குத் தெரியாது. 25 லட்சம் டாலர் பரிசை மணிமேக்கர் வென்ற ஆட்டத்தின் திருப்பம் அந்தத் தெரியாமையில்தான் இருந்தது.

ஆட்டம் முடியும் முன்பே மடக்கியவர் சீட்டைத் திருப்பிப் போடுவது இன்னும் மோசம். அது மூன்றாவது ஆளைப் பாதிக்கிறது. ஒருவருக்கு நாலு ஆட்டின் சேர்ந்திருக்கிறது, கடைசிச் சீட்டும் ஆட்டினாக விழ வேண்டும். தெரியாத 46 சீட்டில் 9 ஆட்டின், ஏறத்தாழ 20 சதவீத வாய்ப்பு. பக்கத்தில் இருப்பவர் மடக்கும்போது இரண்டு ஆட்டினைக் காட்டிவிட்டால் கணக்கு 44-ல் 7, அதாவது 16 சதவீதம். கட்டியிருக்க வேண்டியவர் மடக்கிவிடலாம். அந்த நஷ்டம் எதிரே நல்ல கையோடு இருப்பவருக்கு. பக்கத்து மச்சானுக்கு மட்டும் சாய்த்துக் காட்டுவதும் இதே கோளாறுதான். ஒருவருக்குக் காட்டினால் எல்லோருக்கும் காட்ட வேண்டும்.

சொந்தக்காரர்களுக்குள் என்ன ஒளிவுமறைவு, காட்டாவிட்டால் சந்தேகம் வராதா என்பது கடைசி ஆட்சேபம். சந்தேகத்துக்கு மருந்து போக்கர் விதியிலேயே இருக்கிறது. யாராவது கட்டிப் பார்த்துவிட்டால், கடைசியாகத் தொகையைக் கட்டியோ உயர்த்தியோ சவால் விட்டவர் முதலில் காட்ட வேண்டும். தோற்றது தெரிந்ததும் 'நீங்க எடுத்துக்கோங்க' என்று சீட்டைக் கட்டுக்குள் செருகுவது நம் வீடுகளில் சகஜம். அது தப்பு. கட்டிப் பார்த்தவர் அதற்கு விலை கொடுத்திருக்கிறார். எல்லாவற்றையும் தள்ளி ஆல் இன் போனவர்கள், மேலே கட்ட ஆளில்லாத நிலையில் இரு பக்கமும் திறந்து வைப்பது போட்டி விதி. புதிதாகக் கற்பவருக்குச் சொல்லித்தர வேண்டுமென்றால் நாலு கையைப் புளியமுத்து வைத்துத் திறந்தே ஆடிக் காட்டலாம், அதற்குப்பின் மூடி ஆடலாம்.

2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் கட்டும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்துவிட்டது. போக்கரைத் திறமைக்காக விரும்புகிறவர்களுக்கு இனி வீட்டுப் பாய்தான் கைக்கெட்டும் களம். அடுத்த விசேஷத்துக்குக் கட்டைக் கலைக்கும் முன் இதை எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்: கட்டிப் பார்த்தவருக்குக் கட்டாயம் காட்ட வேண்டும், மடக்கியவர் கேட்கக் கூடாது.