பீலிவளையும் சாதுவனும்: மணிமேகலையில் கடல்கடந்தோர் மொழி

குட்டி அந்தமானின் கிழக்குக் கரையில் ஹட் பே அமைந்துள்ளது. அதே தீவின் வடபகுதியில் ஓங்கே மக்களின் குடியிருப்பான டுகாங் கிரீக் உள்ளது. டுகாங் என்பது கடற்பசு. பாக் நீரிணை மீனவர் அதனை ஆவுளியா என்பர். கடற்கன்னிக் கதைகளுள் பல இவ்விலங்கைக் கண்ட மாலுமியரின் மயக்கத்தில் தோன்றியவை என்று கூறுவதுண்டு. 1970களின் பிற்பகுதியில் அரசு ஓங்கே மக்களை இவ்விடத்தில் நிலையாகக் குடியமர்த்தியது. ஊர்ப்பெயரின் பொருத்தம் தற்செயலானதே. எனினும், கடல்சார் வாழ்வினரை நாகரிகச் சமூகம் தன்பால் அழைக்கும்போது மாறவேண்டியவர் யார் என்னும் வினாவை அது எழுப்புகிறது.

ஆன்டர்சன் 1837இல் வெளியிட்ட கடற்கன்னிக் கதையில் விடை தெளிவு: கால்களைப் பெறுவதற்கு அவள் நாவை இழக்கிறாள். அரண்மனை அவளை விரும்புகிறது. ஆனால் ஊமையாகவே விரும்புகிறது.

மணிமேகலையின் சாதுவன் கதை இதற்கு நேர்மாறானது. கலம் உடைந்து நாகர் மலையில் ஒதுங்கிய அவன் உயிர் பிழைப்பது, அம்மக்களின் மொழியை முன்பே கற்றிருந்தமையால். (அம்மலையை நிக்கோபாரோடு இணைப்போர் உளர், நாகரை மனிதரை உண்போராகக் காட்டுவது கரையோரின் அச்சத்தையே பெரிதும் புலப்படுத்துகிறது எனலாம்.) ஊனும் கள்ளும் விலக்கி வாழ்வது எங்ஙனம் எனத் தலைவன் வினவுகிறான், தமக்கு இயன்ற அறத்தைக் கூறுமாறு கேட்கிறான். கலம் கவிழ்ந்து வருவோரைக் கொல்லாமை, மூத்து இறந்த விலங்கன்றிப் பிறவற்றைக் கொல்லாமை என்ற அளவில் சாதுவன் தன் அறத்தைத் தளர்த்திக் கொள்கிறான். சாத்தனார் இங்குக் காட்டும் நெகிழ்ச்சி போதிய அளவு பாராட்டப் பெறவில்லை என்பது என் கருத்து.

ஆயின் அதே புலவர் பீலிவளைக்கு அந்த வாய்ப்பை அளிக்கவில்லை. நாகநாட்டு இளவரசியான அவள் புகார்க் கடற்கரைச் சோலையில் சோழனைக் கூடி, ஒரு திங்கள் உடனுறைந்து, சொல்லாது நீங்குகிறாள். மகன் வருவான், அவள் வாராள் எனச் சாரணன் மன்னனுக்கு உரைக்கிறான். அவளுக்கு அவையில் இடம் உண்டா என்ற கேள்வியே எழாதவாறு ஊழ் முன்வந்து நிற்கிறது. மகனை இழந்த மன்னன் இந்திர விழாவை மறந்ததும் புகாரைக் கடல்கொண்டதும் அரசன் கடமை தவறியதன் விளைவாகவே பெரிதும் விளக்கப்படுகின்றன. காப்பியம் அவளைப் பழிக்கவில்லை என்பதும் உடன் நோக்கத்தக்கது.

மணிபல்லவத்தில் கம்பளச் செட்டியிடம் குழந்தையை ஒப்படைக்கும்போது, இவன் அரசன் மகன், ஏற்றுக்கொள்க என்னும் பொருள்பட அவள் பேசுகிறாள். அச்சொல்லும் தீவதிலகையின் கூற்று வழியே நமக்குக் கிட்டுகிறது. தனக்கென அவள் எதனையும் கேட்கவில்லை.

பெரும்பாணாற்றுப்படை உரையில் நச்சினார்க்கினியர் தரும் திரையன் கதை இதனோடு ஒப்பிடத்தக்கது. அங்குத் தொண்டைக் கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விடப்பட்ட மகன் கரையேறி அரசுரிமை பெறுகிறான். நாகர் மகளாகிய தாய் அப்பாலேயே நின்றுவிடுகிறாள்.