சிறையைத் தேடிய மனிதன்

மலையாள எழுத்தாளர் பென்யாமின் 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஆடுஜீவிதம்’ என்னும் நாவல், கேரள சாகித்திய அகாடமியின் விருதைப் பெற்றது. 2024-இல் திரைப்படமாகவும் வந்தது. பாலைவனத்தில் ஒரு மனிதன் பட்ட துன்பத்தையும் அவனுடைய பொறுமையையும் கூறும் கதை என்றே பெரும்பாலோர் இதனைப் போற்றுகின்றனர். அப்பாராட்டு பொய்யன்று, ஆயினும் முழுமையானதன்று என்பது நம் கருத்து.

ஆற்றில் மணல் அள்ளிப் பிழைத்த நஜீப், கருவுற்ற மனைவியை ஊரில் விட்டுவிட்டுச் சவூதி அரேபியா செல்கிறான். ரியாத் விமான நிலையத்தில் தன்னை அழைத்தவரையே முதலாளி என்று நம்பி வண்டியில் ஏறுகிறான். அந்த ‘அர்பாப்’ அவனை ஆளரவமற்ற ஆட்டுப் பட்டியில் கொண்டு சேர்க்கிறான். மூன்றாண்டுகளுக்கும் மேல் கூலியில்லை; உடல் கழுவ நீரில்லை; உலர்ந்த குபூஸே உணவு. பிறக்கவிருக்கும் மகனுக்கு எண்ணியிருந்த பெயரை ஓர் ஆட்டுக்குட்டிக்குச் சூட்டி மகிழ்கிறான். அக்குட்டியை அர்பாப் காயடிக்கும் நாளில் தன் ஆண்மையும் போயிற்று என்று உணர்கிறான். ஆசிரியர் இங்கே குரலை உயர்த்தவில்லை. அந்த அடக்கமே நம்மைக் கலங்கச் செய்கிறது.

ஆனால் நாவல் பாலைவனத்தில் தொடங்கவில்லை என்பதை வாசகர்கள் கவனித்தல் வேண்டும். தப்பி வந்த நஜீபும் அவன் தோழன் ஹமீதும், ரியாத்தின் பத்ஹா பகுதியில், காவலர் தங்களைப் பிடித்துச் செல்லமாட்டார்களா என்று ஏங்கி நிற்கும் காட்சியே முதற்காட்சி. கையில் தாளில்லாதவன் தாயகம் திரும்பச் சிறை ஒன்றே வழி. அச்சிறையிலோ, ஓடிப்போன தொழிலாளரை அடையாளங்காட்ட அர்பாப்கள் வந்து செல்கின்றனர். ஹமீதை அவனுடைய அர்பாப் இழுத்துச் செல்கிறான். நஜீபின் முன்னும் அவனுடைய அர்பாப் வந்து நிற்கிறான். தொடாமல் நகர்ந்து போகிறான். காரணம் இரக்கமன்று; நஜீப் அவனுடைய விசாவில் வந்தவனல்லன் என்பதே.

நாவலின் உயிர் இவ்விடத்திலேதான் இருக்கிறது. சட்டத்துக்குப் புறம்பாகக் கடத்தப்பட்டவன் மீள்கிறான். தன் முதலாளியின் விசாவிலேயே வந்தவன் மீண்டும் அடிமையாகிறான். அப்படியானால் குற்றம் ஒரு கொடியவனின் நெஞ்சில் மட்டுமா இருக்கிறது? நஜீபைத் தன் காரில் ஏற்றி நகரத்தில் சேர்ப்பவரும் ஓர் அரபியரே. ஒரே நாடு, ஒரே மார்க்கம். ஒருவர் கருணை செய்கிறார், மற்றவர் வதைக்கிறார். இரண்டும் அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டிருப்பதே அநீதியாகும்.

அவ்விருப்பத்துக்கு உரிமை வழங்கியது ‘கஃபாலா’ முறை. அநாதையைப் பொறுப்பேற்றுப் பேணுதலுக்கும் அரபு மொழியில் கஃபாலா என்றே பெயர். அத்தகைய கண்ணியமான சொல், கஃபீலின் ஒப்புதலின்றித் தொழிலாளி வேலை மாறவோ நாட்டைவிட்டு வெளியேறவோ இயலாத ஏற்பாட்டுக்குப் பெயராயிற்று. உழைப்பவனின் கூலியைத் தாமதியாது வழங்குமாறு பணித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சமுதாயத்தில் இது நிகழ்ந்தது என்பது நம்மைத் தலைகுனியச் செய்ய வேண்டும்.

நாவலின் குறையும் இங்கேயே தோன்றுகிறது. தனக்கு நேர்ந்ததையெல்லாம் நஜீப் இறைவனின் சோதனையாகவே கொள்கிறான். பாத்திரத்தின் ஈமானாக அது அழகியது. அர்பாப் துப்பாக்கியும் தொலைநோக்கியும் ஏந்திய ஓர் உருவமாகவே நின்றுவிடுகிறான். விசா கைமாறும் சந்தையும், நஜீப் காணாமற்போனதைக் கேட்பாரில்லாமையும் ஆராயப்படவில்லை. தாம் கண்டடைந்த உண்மையை ஆசிரியர் தொடர்ந்து சென்றிருக்கலாம். மனிதர் இயற்றிய சட்டத்தின் சுமையை இறை நாட்டத்தின்மேல் ஏற்றிவிட்டு வாசகன் கண்ணீரோடு நூலை மூடிவிட இதனால் இடமுண்டாகிறது.

2021 மார்ச்சில் சவூதி அரசு, தனியார் துறைத் தொழிலாளர் சில நிபந்தனைகளுடன் முதலாளியின் ஒப்புதலின்றியே வேலை மாறவும் வெளியேறவும் வழிசெய்தது. வரவேற்கத்தக்க மாற்றம். எனினும் வீட்டுப் பணியாளரும் தோட்டக்காரரும் மேய்ப்பரும் அதில் சேர்க்கப்படவில்லை. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நாவல் சுட்டிய மனிதனே விடுபட்டுப் போனான்!

சபர் சென்றோர் இல்லாத வீடுகள் நம் ஊர்களில் மிகச் சில. வந்த பணமும் பெட்டியும் நமக்குத் தெரியும். அவர்கள் யாருடைய விசாவில், எந்த ஒப்பந்தத்தின்கீழ் இருந்தார்கள் என்று எத்தனை வீடுகளில் கேட்டறிந்தோம்? நஜீபுக்காக அழுவது எளிது. அடுத்து புறப்படும் பிள்ளையின் தாள்களை உட்கார்ந்து வாசிப்பதே இந்நூலுக்கு நாம் செய்யும் உரிய மரியாதை.